எவருக்கு நல்ல கோடை?

இங்கிலாந்து நாட்டிலே இருவர் சந்தித்துக்கொண்டால் முதலில் பேசுவது வானிலை பற்றித்தான் என்பர். "இவ்வாண்டு நல்ல கோடை" என்று அங்கே ஒருவர் கூறினால், வெயில் தாராளமாக அடித்தது என்று பொருள். அதே சொற்களை உச்சிப்புளி வட்டாரத்திலே, சித்திரை மாதத்து நண்பகலில், ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து மணலிலே நடந்துவரும் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். ஏளனம் செய்கிறோம் என்றே எண்ணுவார். சொல் ஒன்று, ஞாயிறும் ஒன்று, பொருள் மட்டும் இரண்டு!

வெயில் எத்தனை டிகிரி என்று கருவி சொல்லும். மழை எத்தனை மில்லிமீட்டர் என்று அளவுகோல் சொல்லும். 'நல்ல' என்பதை எந்தக் கருவி சொல்லும்? அதை மனிதன்தான் சொல்கிறான். எந்த மனிதன்? எங்கே நின்றுகொண்டு? நிழலிலே நின்றா, வெயிலிலே நின்றா? பருவத்தைப் பற்றிய பேச்சு என்று நாம் அலட்சியமாக ஒதுக்கிவிடும் ஒன்று, உண்மையில் அறத்தைப் பற்றிய பேச்சாகும்.

இந்த வினாவை ஆராய உச்சிப்புளியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் அது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நடுவே ஒடுங்கிக்கொண்டே போகும் ஒரு நிலநாக்கு. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று எழுந்துவிட்டால் தென்கடல் சீறும். வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசத் தொடங்கினால் வடகடல் பொங்கும்; தென்கடல் பணிந்துவிடும். ஒரே காற்று ஒரு கரைக்குப் பகை, மறுகரைக்கு நட்பு! இக்கடலோரத்தில் அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும், கொந்தளிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் கூறும் வழக்கு உண்டு. அடக்கத்தைப் பெண்ணுக்கும் ஆவேசத்தை ஆணுக்கும் எழுதிவைத்தவர் எவரோ! வாடைக் காலத்திலே பெண்கடல் சினந்தெழுவதும் ஆண்கடல் அடங்கிப்போவதும் அவர்களுடைய கணக்கிலே சேரவில்லை போலும். எதிர்பார்ப்பு ஒன்று மனத்திலே படிந்துவிட்டால், எதிரே நிற்கும் உண்மையும் கண்ணிலே படுவதில்லை.

கடலை விட்டு நிலத்துக்கு வருவோம். வாலிநோக்கத்து உப்பளத்திற்கு மழையே வேண்டாம். ஒரு கோடை மழை, பாத்தியிலே பூத்த உப்பைக் கரைத்துவிடும். பனையேறிக்கும் அப்படியே, பதநீர் வடியும் மாதங்களில் மழை பெய்தால் கலயத்திலே தண்ணீர் சேரும், கருப்பட்டி கெடும். உழவருக்கோ நேர்மாறு. வானம் பார்த்த பூமியிலே, ஆவணியிலும் புரட்டாசியிலும் காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாக நெல்லைத் தூவிவிட்டு, விதை முளைக்குமா, எறும்புக்கு இரையாகுமா என்று வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கிக் காத்திருப்பவர் அவர். மிளகாய்த் தோட்டக்காரருக்கு மழையும் வேண்டும், காய் பழுக்கும் வேளையிலே வெயிலும் வேண்டும். ஓர் ஊரைச் சுற்றி இத்தனை விருப்பங்கள்!

இதைக் கண்டதும் ஒரு கூட்டம் முடிவு கட்டிவிடும்: "ஆளுக்கு ஒரு நன்மை. ஒருவனுக்கு நல்லது மற்றவனுக்குக் கெட்டது. ஆகவே, எல்லோருக்கும் பொதுவான நல்ல பருவம் என்று ஒன்று இல்லை. கிடைத்ததைக் கொண்டு வாழ வேண்டியதுதான்." கேட்பதற்கு அறிவார்ந்த பேச்சுப்போல் தோன்றும். ஆனால் இதிலே ஒரு கண்கட்டு இருக்கிறது.

உப்பளத் தொழிலாளி வெயிலை விரும்புகிறார் என்று சொல்கிறோமே, உண்மையா? வெயில் வேண்டுவது உப்புக்கு. தொழிலாளியின் உடலுக்கு அன்று. வெள்ளைப் பாத்தியிலே பட்டுத் தெறிக்கும் ஒளி அவருடைய கண்ணைக் கெடுக்கிறது. உப்புநீர் பாதத்தை அரிக்கிறது. உப்பு விளைவதற்கு வெயிலும், அதை வாரும் கைகளுக்கு நிழலும் ஒரே நேரத்தில் வேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பம். பனையேறி, மழை வேண்டாம் என்கிறார். மரத்தின் உச்சியிலே மயக்கம் வர வேண்டும் என்றா கேட்கிறார்? தொழில்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் விருப்பங்கள் மோதுகின்றன. உடல்களை அடுக்கி வைத்துப் பார்த்தாலோ மோதலே இல்லை! தண்ணீர், நிழல், ஓய்வு, நோயுற்றால் மருத்துவம், வேலையற்ற நாளிலும் அடுப்பு எரிய வழி: இவற்றை வேண்டாம் என்பார் உப்பளத்திலும் இல்லை, வயலிலும் இல்லை, கடலிலும் இல்லை. பொதுவான நன்மை இல்லை என்பது பொய். அதைப் பொருள்களின் விலையிலே தேடினால் கிடைக்காது. மனிதரின் உடலிலே தேடினால் கிடைக்கும்.

இனி, கோடையை விரும்பும் நாட்டைச் சற்றே காண்போம்.

மழையும் மூட்டமும் மிகுந்த தீவிலே வாழ்ந்த ஆங்கிலேயர், வெயிலை விருந்தாளியாகப் போற்றியதில் வியப்பில்லை. 1976இல் அங்கே நெடுங்கோடை வந்தது. வறட்சியைச் சமாளிக்க டெனிஸ் ஹோவல் என்பாரைத் தனி அமைச்சராகவே பொறுப்பேற்க வைத்தனர். தண்ணீருக்குத் தெருக்குழாயை நாடிப் பலர் நின்றனர். எனினும் அந்தத் தலைமுறையின் நினைவிலே 1976 ஒரு பொற்கோடையாகவே பதிந்துவிட்டது. ஆண்டுகள் சென்றன. 2022 சூலை 19ஆம் நாள், லிங்கன்சயரில் உள்ள கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அந்நாட்டின் பதிவேட்டிலே 40ஐத் தாண்டிய முதல் நாள் அதுவே. இருப்புப்பாதைகள் வளைந்தன. லூட்டன் விமான நிலையத்தின் ஓடுதளம் பழுதுபட்டது. இலண்டன் அருகே வென்னிங்டனில் வீடுகள் தீக்கிரையாயின. குளிருக்கு அஞ்சி, வெப்பம் வெளியேறாதவாறு கட்டிய வீடுகளே முதியோருக்கு அடுப்புகளாயின. 2025ஆம் ஆண்டுக் கோடை அந்நாட்டுப் பதிவுகளிலேயே மிக வெப்பமானது என்று அறிவிக்கப்பட்டது. பொற்கோடை எனப் புகழப்பட்ட 1976, மிக வெப்பமான முதல் ஐந்து கோடைகளின் வரிசையிலிருந்தே இறங்கிவிட்டது!

விளைவு என்ன? வெயில் என்றால் நன்மை என்று வழிவழியாக எண்ணிவந்த மக்களில் பலர், இன்று வெயிலைக் கண்டு ஐயுறத் தொடங்கியுள்ளனர். எதிர்பார்ப்பு மாறுகிறது. மாறுவது குற்றமன்று, உண்மை மாறும்போது கருத்து மாறாதிருப்பதுதான் குற்றம். ஆனால் அந்த மாற்றம் எந்தத் திசையிலே செல்லும்? "முன்பு நல்லது என்றது இன்று தீங்காகிவிட்டது, ஆகவே காரணத்தை ஆராய்வோம், வீடுகளைத் திருத்துவோம்" என்று சென்றால் அது அறிவு. "இனி இப்படித்தான், 40 டிகிரியும் பழகிவிடும்" என்று சென்றால் அது சரணாகதி.

சரணாகதியை நமக்குக் கற்பிக்க எவரும் வேண்டியதில்லை. நெடுநாள் பயிற்சி நமக்கு உண்டு! அந்தப் பயிற்சியின் ஒரு பாடத்தை மட்டும் நினைவுகூர்வோம். 1876 முதல் 1878 வரை நம் மக்களை வாட்டியது தாது வருடப் பஞ்சம். 1874இல் பீகாரிலே பஞ்சம் வந்தபோது, பர்மாவிலிருந்து அரிசி தருவித்து உயிர்களைக் காத்தவர் சர் ரிச்சர்டு டெம்பிள். உயிர் காத்ததற்காக அவருக்குப் பாராட்டுக் கிடைத்ததா? பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று பழிதான் கிடைத்தது! பழியைத் துடைக்க விரும்பினார் போலும். 1877இல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட அதே டெம்பிள், நிவாரண வேலையிலே மண் சுமந்து கல்லுடைத்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், அதற்குமேல் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. வேலை செய்யும் உடல் இதிலே நிலைக்காது என்று எதிர்த்து எழுதினார் மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ். அவரும் ஆங்கிலேயர்தாம். ஆனால் அவர் கணக்கேட்டைப் பார்க்கவில்லை. எலும்பும் தோலுமான மக்களைப் பார்த்தார். சில மாதங்களில் கூலியை உயர்த்த நேர்ந்தது. அதற்குள் மடிந்தவர் மீளவில்லை.

அதே காலத்திலே மாகாண ஆட்சியாளர் கோடையைக் கழித்தது எங்கே? உதகமண்டலத்திலே! வெயில் மாதங்களில் கோப்புகளோடு மலையேறிவிடும் ஆட்சிக்கு, நல்ல கோடை என்பதன் பொருள் கோடையே இல்லாத இடம். கீழே வெந்தவருக்கு எவ்வளவு போதும் என்று முடிவு செய்தவர்கள், தாம் வேக வேண்டிய தேவை இல்லாதவர்கள். "இவ்வளவு போதும்" என்பதை எவன் சொல்கிறான் என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எடுத்துரைக்கிறோம்.

அன்று மேலிருந்து ஒருவர் "போதும்" என்றார். இன்று அதைவிட நுட்பமான ஒரு முறை இருக்கிறது: நம் வாயாலேயே "போதும்" என்று சொல்ல வைப்பது! மீன்வள அறிஞர் டேனியல் பாலி என்பார் 1995இல் இதைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்விழித்தபோது இருந்த கடலையே இயல்பான கடல் என்று கொள்கிறது. அதற்கு முன் எவ்வளவு மீன் இருந்தது என்பது அதற்குத் தெரியாது. தேய்ந்துபோன கடலை அளவுகோலாக வைத்துக்கொண்டு மேலும் தேய்வதை அளக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் இழப்பு சிறிதாகவே தோன்றுகிறது.

உச்சிப்புளிக்குத் தெற்கே விரிந்துகிடக்கும் மன்னார் வளைகுடாவையே எடுத்துக்கொள்வோம். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அங்கே பவளப்பாறைகள் வெளுத்தன. பவள உயிரியின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவும் நிறமும் தருவது ஒரு நுண்பாசி. கடல்நீரின் வெப்பம் அளவு மீறி நாள்கணக்கில் நீடித்தால் அப்பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுக்கும், வெப்பம் தணியாவிடில் மடியும். 2016க்குப் பின் முதன்முறையாக அங்கே மூழ்கிப் பார்த்த இளைஞனுக்கு, தான் கண்டதுதான் கடல். இழந்ததை அவன் எப்படி எண்ணுவான்?

நிலத்திலும் இதே கதை. இராமநாதபுரத்துச் சிறுவனிடம் உன் ஊர் மரம் எது என்று கேட்டால், பனைக்கு அடுத்தபடி சீமைக் கருவேலத்தைக் காட்டுவான். சீமையிலிருந்து வந்தது என்று பெயரே பறைசாற்றுகிறது! அமெரிக்கக் கண்டத்து மரம் அது. விறகுக்கென விதைக்கப்பட்டது, கண்மாய்க்குள் புகுந்தது, காடாயிற்று. இன்று கரிமூட்டம் போட்டுப் பிழைப்போருக்கு அதுவே கஞ்சி. கண்மாய் நிறைந்து வழிந்த காலத்தைக் காணாதவனுக்கு, முள் அடர்ந்த பள்ளமே கண்மாய்.

"பழகிவிட்டது" — இந்தச் சொல்லைத்தான் ஐயுற வேண்டும் என்கிறோம். அன்று 'விதி' என்றனர். தலையில் எழுதியது என்றனர். அந்த எழுத்தைக் காட்டு என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். இன்று அதே விதி சட்டையை மாற்றிக்கொண்டு, 'இயல்பு' என்ற பெயரிலே, 'பழக்கம்' என்ற பெயரிலே வந்து வாசலில் நிற்கிறது. சாமியாரை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கும் பகுத்தறிவாளன், இந்த விருந்தாளியை மட்டும் கேள்வியின்றி உள்ளே அழைத்துவிடுகிறான்!

ஒரு தடை எழும். "பழகுதல் குற்றமா? பழகத் தெரியாத இனம் அழிந்துவிடாதா? மழை குறைந்த மண்ணிலே நம் முன்னோர் வாழ்ந்தது பழகியதால் அன்றோ?" என்று கேட்பர். நேர்மையான கேள்வி, விடை சொல்லியாக வேண்டும்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களுக்கு என் செய்வது? முன்னோர் கண்மாய் வெட்டினர். குடிநீருக்கென்று தனியே ஊருணி அமைத்தனர். மணலிலே ஊற்றுத் தோண்டினால், உவர்நீருக்கு மேலே மிதக்கும் நன்னீரை அகப்பையால் மொண்டுகொள்ளலாம் என்று கண்டறிந்தனர். அது வெயிலை ஏற்றுக்கொண்டதா? வெயிலோடு வாதாடியது! துன்பத்தைக் குறைக்கும் பழக்கம் வேறு. துன்பத்தை மறக்கச் செய்யும் பழக்கம் வேறு. முன்னது கண்மாய் வெட்டும். பின்னது கண்மாய் தூர்வதைப் பார்த்துக்கொண்டே, தண்ணீர் இல்லாமல் வாழப் பழகச் சொல்லும். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதால்தான் குழப்பம் விளைகிறது.

முன்னோரின் ஊருணியைப் போற்றும்போதே மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குளிர்ந்த நீரை மொள்ள எல்லோரையும் விட்டார்களா? நம் நாட்டு ஊர்கள் பலவற்றிலே, கோடையின் கொடுமைக்கு மேலே சாதியின் கொடுமையும் சேர்ந்தல்லவா தொண்டையை வறளச் செய்தது! வெயில் சாதி பார்ப்பதில்லை, நிழல் பார்த்தது.

வேறொரு வகைப் பழக்கமும் உண்டு. மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுப்பது, கழுதைக்குக் கல்யாணம் செய்வது, கழுத்தளவு தண்ணீரில் அமர்ந்து மந்திரம் ஓதுவது! ஏதோ பாமரர் வழக்கம் என்று தள்ளிவிடவும் இயலாது. 2019இல் மழை வேண்டி யாகம் நடத்துமாறு கோயில்களுக்கு அறநிலையத் துறையே சுற்றறிக்கை அனுப்பியது. மழை பெய்துவிட்டால் போதும் என்பதுதானே அந்த வேண்டுதலின் சாரம்? பெய்யவும் செய்தது. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஓராண்டு மழையில் பாதி! ஆண்டுச் சராசரியைப் பார்ப்பவர் "நல்ல மழை" என்று எழுதிக்கொள்வார். வீட்டுக்குள் முழங்கால் அளவு நீரில் நின்றவர் அப்படி எழுதுவாரா? வானம் தருவது தண்ணீர். அதை நன்மையாக்குவது வாய்க்காலும் வடிகாலும், முன்னறிவிப்பும் ஆட்சியும்.

கோடைக்கும் இதுவே பொருந்தும். கடற்கரையில் 37 டிகிரி என்றால், உள்நாட்டார் இது ஒரு வெயிலா என்பர். காற்றிலே ஈரம் மிகுந்த கரையில் வேர்வை உலர்வதில்லை. வேர்வை உலராத உடல் குளிர்வதில்லை. அதனால்தான் வானிலைத் துறையினர், சமவெளியில் வெப்ப அலைக்கு 40 டிகிரி என்றும் கடலோரத்துக்கு 37 என்றும் வேறுவேறு எல்லை வகுத்துள்ளனர். கடலோரத்தில் அது வழக்கமான அளவைக் காட்டிலும் நான்கரை டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். பஞ்சாங்கத்தின் கத்திரி வெயிலுக்கோ கரை என்றும் உள்நாடு என்றும் வேறுபாடில்லை. தேதி மட்டுமே உண்டு. அறிவு இடத்தையும் உடலையும் பார்க்கிறது. நம்பிக்கை ஏட்டைப் பார்க்கிறது.

பருவத்தின் நன்மை தீமையில் ஆட்சிக்குப் பங்கு உண்டு என்பதை இந்த மண்ணே காட்டுகிறது. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனம் பெருக வேண்டும். அந்த இரு மாதமும் மீனவர் வீட்டில் உலை பொங்குமா என்பது காற்றைப் பொறுத்ததன்று, நிவாரணத்தைப் பொறுத்தது. 2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அத்தொகை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. 2024இல் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. அதனால் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் உண்டு. வெயிலில் செத்தால் அது தலையெழுத்து என்றிருந்த நிலை போய், அது அரசு பொறுப்பேற்க வேண்டிய சாவு என்றாகியிருக்கிறது. பெரிய மாற்றந்தான். ஆயினும் செத்த பின் தரும் 4 இலட்சத்தைவிட, சாகாமல் காக்கும் நிழற்பந்தலும் நண்பகல் ஓய்வும் பெரியவை அல்லவா?

பாலை என்று தனியே ஒரு நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் நலம் கெட்டுத் திரிந்த நிலையே பாலை என்ற கருத்தைச் சிலப்பதிகாரம் தந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தால், எத்துணை ஆழமான கருத்து! பாலை பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறது. ஆக்கப்பட்டது எதுவும் மாற்றப்படக் கூடியது.

ஆகவே, நண்பர்களே, அடுத்த கோடையிலே "இவ்வாண்டு வெயில் எப்படி?" என்று எவரேனும் கேட்டால், டிகிரியைச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். உப்பளத்திலே நிழல் இருந்ததா என்று பாருங்கள். ஊருணி தூர்வாரப்பட்டதா என்று பாருங்கள். தண்ணீருக்கு நடந்த பெண் எத்தனை தொலைவு நடந்தாள் என்று அளந்து, எழுதி வையுங்கள். போன ஆண்டுக் கணக்கோடு மட்டும் ஒப்பிடாமல், முதியோரிடம் கேட்டு ஐம்பது ஆண்டுக்கு முந்திய கணக்கோடும் ஒப்பிடுங்கள். மறதி என்னும் திருடன் எவ்வளவு கொண்டுபோனான் என்பது அப்போது தெரியும்.

மலையேறித் தப்ப வழியில்லாதவன், தன் உடல்நலமும் கூலியும் மானமும் குறையாமல் கழித்த கோடை எதுவோ, அதுவே நல்ல கோடை. அந்த ஒரு கோடை உச்சிப்புளியில் வரும்வரை, பழகிவிட்டது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.